நீலப்பொறியின் சாட்சியம்

ஒரு காலத்தில் நடந்தும் டோலியில் அமர்ந்தும் ஏறவேண்டியிருந்த கோடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை அமைந்தபின், 1961-ல் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களும் காலக்கிரமத்தில் அவ்வழியே ஏறலாயின.

சமவெளியில் குறைவின்றி ஓடிய வண்டி, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தை நெருங்கியதும் திக்கித் திணறுவதற்கு எப்போதும் மின்சாரக் கோளாறே காரணமன்று; அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், பெட்ரோலும் அதனோடு கலந்த ஆயிலும் பூரணமாக எரியாமல் ஸ்பார்க் பிளக்கின் முனையில் கரியாகப் படிகின்றன.

ஆகையால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பிளக்கைக் கழற்றி அதன் முகத்தை ஆராய்வார். பின்னர் அதை வயரில் மாட்டி, சிலிண்டரின் மேல் படியவைத்து, கிக்கரை உதைத்து, நீலப்பொறி பளிச்சென்று பாய்கிறதா என்று உற்று நோக்குவார். பொறி மஞ்சளாக மங்கினால் மின்னோட்டத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்டைத் துடைத்து, மெல்லிய தகட்டால் அதன் இடைவெளியை அளப்பார்; பாயிண்டின் முகம் குழிந்து கருகி, அங்கேயே பொறி சிதறுமாயின், அச்சிதறலைத் தடுக்கவேண்டிய காண்டன்சர் கெட்டது என்று நிச்சயிப்பார்.

மைசூர் ஆலை 1996-ல் மூடப்பட்டது. பாயிண்டின் ஸ்தானத்தை எலெக்ட்ரானிக் கருவிகள் பெற்றன. ஆயினும், அவசரப்பட்டு ஊகிக்காமல் ஒவ்வொரு காரணமாக விலக்கி உண்மையைக் காணும் அந்தச் சிரத்தை, எத்தொழிலுக்கும் உரிய தர்மமாகும்.