மூன்றாவது ஓட்டு

பினாங்கில் 'ஜாலான் டி.எஸ். ராமநாதன்' என்று ஒரு சாலை இருக்கிறது. பழைய பெயர் ஸ்காட் ரோடு. அந்த வழியாகப் போகும் என் வயதுக்காரர்களிடம் யார் இந்த ராமநாதன் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கூகுளைத்தான் திறப்பார்கள். ஜோர்ஜ்டவுனின் முதல் மேயர் அவர். தமிழர், பள்ளி ஆசிரியர், தொழிற்கட்சிக்காரர்.

ஜோர்ஜ்டவுன் 1957 ஜனவரி 1 அன்று மாநகரானது. மலாயாவின் முதல் மாநகர் அதுதான். மெர்டேக்காவுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஓட்டுப் பழக்கம் இந்த ஊருக்கு அதைவிடப் பழசு. 1857லேயே வரி கட்டுபவர்கள் வாக்களித்து நகராண்மை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1913ல் ஆங்கிலேயர் அதை நிறுத்தினார்கள். 1951ல் தேர்தல் திரும்பி வந்தது, ஆனால் 15 இடங்களில் ஒன்பதுக்கு மட்டும். மாநகரான காலத்தில் மன்றம் முழுவதும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாகிவிட்டது.

அந்த மன்றத்தின் வேலை குப்பை அள்ளுவதோடு முடியவில்லை. குடிநீர், மின்சாரம், 1961 வரை ஓடிய டிராலிபஸ் எல்லாம் அதன் பொறுப்பு. 1962ல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணையும் அது செய்ததுதான். பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று அன்றைக்கு ஊருக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதும் தெரியும்.

உள்ளூர்த் தேர்தல் வந்தால் நகரங்கள் ஓர் இனத்தின் கைக்குப் போய்விடும் என்று இன்றும் சொல்கிறார்கள். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஜோர்ஜ்டவுனில்தான் ஒரு தமிழர் 1961 வரை மேயராக இருந்தார். மேயரைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள்தான், நேரடி ஓட்டு இல்லை. ஆனால் அந்தக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தது ஊர்.

1965ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடு முழுவதும் உள்ளூர்த் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, முறைகேட்டுப் புகார்களைச் சொல்லி ஜோர்ஜ்டவுன் மன்றத்தின் அதிகாரத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது.

இங்கே இன்னொரு தமிழர் வருகிறார். உள்ளாட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்தின் தலைவர், செனட்டர் ஆதி நாகப்பன். அவர் ஆளுங்கூட்டணியின் ம.இ.கா.வைச் சேர்ந்தவர். அப்படியிருந்தும் 1968ல் அவரது ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. யார் கேட்டார்கள்? 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அதன் விலை என்ன என்பதை நகரின் உட்பகுதியில் பார்க்கலாம். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நம்பி கடைவீடுகளில் குடியிருந்தவர்கள் ஏராளம். 1997ல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. 1999 முடிந்ததும் பாதுகாப்பு போனது, வாடகை ஏறியது, பலர் வெளியேறினார்கள். தேர்தல் இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று சொல்லவில்லை, சட்டம் கோலாலம்பூருடையது. ஆனால் அவர்களுடைய ஓட்டை நம்பி உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர் ஒருவர்கூட அன்று இல்லை.

பினாங்கு மாநிலம் 2012ல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. 2014ல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. 2015ல் தீவு முழுவதும் மாநகரானது. மேயர் பதவியும் திரும்பி வந்தது, நியமனப் பதவியாக.

நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று இன்று நம் கையில் இரண்டு ஓட்டு. வாசலில் இருக்கும் சாக்கடைக்கான மூன்றாவது ஓட்டு நம் தாத்தா பாட்டி காலத்தில் இருந்தது. அதைக் கேட்பது புதுசாக எதையும் கேட்பதல்ல.