சிறு தாள்களில் சிறைப்பட்ட வானம்: ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் முகில் ஓவியங்கள்



கலைக்கல்விப் பாடத்தில் இயற்கைக் காட்சி ஒன்றை வரையுமாறு மாணவர்களைப் பணித்தால், பெரும்பாலான தாள்களில் ஒரே காட்சியையே காண்கிறோம். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு வீடு, மேலே நீல வண்ணத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் வானம். நம் நாட்டில் பிற்பகலில் கருத்துத் திரண்டு, கொட்டித் தீர்த்துவிட்டு, சற்று நேரத்தில் ஒன்றும் அறியாததுபோல் வெளுத்து நிற்கும் வானத்தைப் பிள்ளைகள் அடிக்கடி காண்கின்றனர். ஆயினும், அந்த வானம் அவர்களது தாளுக்கு வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கணிதப் பயிற்சி ஏட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் முகில்களை வரைந்து வைத்திருந்தான். பதினைந்து, இருபது முகில்கள் இருக்கும். ஏட்டைப் பாழாக்கிவிட்டாய் என்று கடிந்துகொண்டு, அப்பக்கங்களைக் கிழித்தெறியச் சொன்னேன். அவனும் மறுபேச்சின்றிக் கிழித்தெறிந்தான். அந்நிகழ்ச்சியை நான் மறந்தே போனேன். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதுதான் அது மீண்டும் நினைவுக்கு வந்து நெஞ்சை உறுத்தியது. அவர் தீட்டிய சிறிய எண்ணெய் வண்ண ஓவியங்களின் வரலாற்றை இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

காற்றாலையில் கற்ற பாடம்

கான்ஸ்டபிள் 1776ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்திலுள்ள ஈஸ்ட் பெர்கோல்ட் எனும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கோல்டிங் கான்ஸ்டபிள் ஒரு தானிய வணிகர். ஸ்டூர் ஆற்றங்கரையில் நீரால் இயங்கும் மாவு ஆலைகளும், ஊர்ப்புறத்தில் ஒரு காற்றாலையும் அவருக்குச் சொந்தமாக இருந்தன. பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஜான் சில ஆண்டுகள் குடும்பத் தொழிலில் ஈடுபட்டார். அக்காற்றாலையின் மரச்சட்டம் ஒன்றில் தம் பெயரையும் 1792 எனும் ஆண்டையும் அவர் செதுக்கி வைத்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

காற்றாலையில் பணிபுரிவோருக்கு வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கன்று. காற்று திசை மாறினால் ஆலையையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டும். புயல் வருவதை முன்கூட்டியே அறியத் தவறினால் பாய்கள் கிழியும், இறக்கைகள் முறியும். எந்த முகில் மழையைக் கொணரும், எது வெறுமனே கடந்து செல்லும் என்பதைக் கண்ணால் கணிக்கும் பழக்கம் இளமையிலேயே அவரிடம் வேரூன்றிவிட்டது. பின்னாளில் அவருடைய தம்பி ஆபிராம், மற்றவர்கள் வரைந்த ஆலைகளைப் போலன்றி அண்ணன் வரைந்த ஆலை சுழலும் என்று தமக்குத் தெரியும் எனக் கூறியதாகப் பதிவு உண்டு. ஆலைக்காரர் ஒருவர் ஓவியருக்கு வழங்கிய அப்பாராட்டைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

பழுப்பு வண்ணமும் பச்சைப் புல்லும்

கான்ஸ்டபிள் 1799ஆம் ஆண்டு லண்டன் அரச கலைக்கழகப் பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்தில் இயற்கைக் காட்சி ஓவியத்திற்கு உயர்ந்த மதிப்பு இருந்ததில்லை. புராண நிகழ்ச்சிகளையும் வரலாற்று மாந்தரையும் வரைவதே உயர்கலை எனக் கருதப்பட்டது. இயற்கையை வரைந்தாலும் பழைய பேராசான்களின் ஓவியங்களைப் போன்று பழுப்பேறிய நிறத்தில் இருக்க வேண்டும் என்று கலையறிந்த செல்வந்தர் பலர் எண்ணினர்.

இதனைக் காட்டும் சுவையான நிகழ்ச்சி ஒன்றை, கான்ஸ்டபிளின் நண்பரும் அவர் வரலாற்றை 1843இல் நூலாக வெளியிட்டவருமான ஓவியர் சார்ல்ஸ் லெஸ்லி பதிவு செய்துள்ளார். சர் ஜார்ஜ் பியூமாண்ட் என்பவர் கான்ஸ்டபிளின் புரவலர். இயற்கைக் காட்சி ஓவியம் பழைய வயலின் ஒன்றின் நிறத்தை ஒத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கான்ஸ்டபிள் அதற்கு மறுமொழி கூறவில்லை. ஒரு பழைய வயலினை எடுத்துச் சென்று வீட்டின் முன்னிருந்த பசும்புல் தரையில் வைத்தார். பழுப்பு எது, பச்சை எது என்பதைக் காண்பவர் கண்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

மடியில் ஒரு வண்ணப் பெட்டி

பெரிய ஓவியங்களை வீட்டினுள் பணிக்கூடத்தில் தீட்டுவதே அக்கால வழக்கம். கான்ஸ்டபிளும் பெரும்பாலும் அவ்வாறே செய்தார். ஆனால், அவற்றுக்கான விதைகளை அவர் வெளியில் தேடினார். சிறிய வண்ணப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வார். பெட்டியின் மூடியைத் திறந்து நிறுத்தினால் அதுவே தாள் தாங்கும் பலகையாகிவிடும். அதில் தாளைப் பொருத்தி, வயலிலும் ஆற்றங்கரையிலும் அமர்ந்து எண்ணெய் வண்ணத்தால் விரைந்து தீட்டுவார்.

இன்று கடையில் குழாய்களில் அடைத்து விற்கப்படும் எண்ணெய் வண்ணம் அன்று கிடையாது. பிதுக்கக்கூடிய உலோகக் குழாய்க்கு ஜான் ராண்ட் எனும் அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்றது 1841இல்தான். கான்ஸ்டபிள் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்டார். அவர் காலத்தில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் இட்டுக் கட்டி வைத்தனர். ஊசியால் துளையிட்டு வண்ணத்தைப் பிதுக்கி எடுத்த பின்னர் அத்துளையை அடைக்க வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் வண்ணம் காய்ந்துவிடும். இத்தனை இடர்களோடு ஒருவர் திறந்த வெளியில் எண்ணெய் வண்ணம் தீட்டினார் என்றால், அதற்குப் பின்னால் எத்துணை வேட்கை இருந்திருக்க வேண்டும்!

நாற்பத்தைந்து வயதில் மீண்டும் மாணவர்

1821ஆம் ஆண்டு கான்ஸ்டபிள் தம் புகழ்பெற்ற ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தை அரச கலைக்கழகக் கண்காட்சியில் வைத்தார். ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் உயரமும் 185 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பெரிய ஓவியம் அது. அதில் காணப்படும் ஆற்றங்கரை வீட்டை அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே சிறிய எண்ணெய் வண்ணப் படிகளாகத் தீட்டி வைத்திருந்தார். வண்டியின் அமைப்பு பிழையின்றி இருக்க வேண்டும் என்பதற்காக ஊரிலிருந்து உண்மையான வண்டியின் வரைபடத்தைத் தருவித்துக்கொண்டார். ஆயினும் அக்கண்காட்சியில் ஓவியம் விலைபோகவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1824இல் பாரிஸ் கண்காட்சியில்தான் அது தங்கப் பதக்கம் பெற்றது. இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது.

அவ்வளவு பெரிய படைப்பை முடித்த கலைஞர் அடுத்து என்ன செய்வார்? அதைவிடப் பெரியதொன்றைத் தீட்டுவார் என்றே நாம் எண்ணுவோம். கான்ஸ்டபிளோ அதே ஆண்டில் லண்டனுக்கு வடக்கேயுள்ள ஹாம்ஸ்டெட் மேட்டுநிலத்தில், ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள தாள்களை எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

1821, 1822ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய முகில் ஓவியங்கள் ஏராளம். 1822இல் மட்டும் ஏறக்குறைய ஐம்பது வான ஓவியங்களைத் தீட்டியதாகத் தம் நண்பர் பாதிரியார் ஜான் ஃபிஷருக்கு எழுதினார். அவற்றுள் பலவற்றில் மரமில்லை, வீடில்லை, மனிதரில்லை. வானம் மட்டுமே உண்டு. முகில் நமக்காகக் காத்திருப்பதில்லை. சில நிமிடங்களில் உருமாறிவிடும். ஆகவே, ஈர வண்ணத்தின்மீதே ஈர வண்ணத்தை இழைத்து விரைவாக முடித்தார். பின்னர் தாளைத் திருப்பி நாள், நேரம், பார்த்த திசை, காற்றின் போக்கு ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர் எழுதும் குறிப்பேட்டிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பிற்கால ஆய்வாளர்கள் அக்குறிப்புகளை அக்கால வானிலைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளனர்.

முகில்களுக்குப் பெயர் சூட்டப்பட்டதும் அதே தலைமுறையில்தான். லூக் ஹோவர்ட் எனும் லண்டன் மருந்தாளர் 1802இல் நிகழ்த்திய உரையில், கீற்றாய்ப் படரும் முகிலைச் சிரஸ் என்றும், குவியலாய்த் திரளும் முகிலைக் குமுலஸ் என்றும், போர்வையாய்ப் பரவும் முகிலை ஸ்ட்ரேட்டஸ் என்றும் வகைப்படுத்தினார். கான்ஸ்டபிளின் ஓவியம் ஒன்றின் பின்புறத்தில் சிரஸ் எனும் சொல் காணப்படுகிறது. தாமஸ் ஃபார்ஸ்டர் எழுதிய வானிலை நூல் ஒன்றை வாங்கி, அதன் ஓரங்களில் தம் கருத்துகளையும் அவர் எழுதி வைத்திருந்தார். ஓவியம் என்பது இயற்கையின் விதிகளை ஆராயும் ஓர் அறிவியல் என்று 1836இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் அவர் எடுத்துரைத்தார்.

நீல வானம் கேட்ட ஆயர்

வானத்தை, பொருள்களின் பின்னே விரித்த ஒரு வெள்ளைத் துணிபோல் எண்ணிக்கொள்ளுமாறு தமக்குப் பலமுறை அறிவுரை கூறப்பட்டதாகக் கான்ஸ்டபிள் 1821இல் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். அதனை அவர் ஏற்கவில்லை. ஒரு காட்சியின் உணர்ச்சியைச் சுமப்பது வானமே என்பது அவர் கொள்கை.

அதற்கு அவர் விலையும் கொடுத்தார். சாலிஸ்பரி ஆயர் தம் தோட்டத்திலிருந்து தெரியும் பேராலயத்தை வரைந்து தருமாறு வேண்டினார். கான்ஸ்டபிள் அதனை வரைந்து 1823இல் காட்சிக்கு வைத்தார். பேராலயத்தின் மேலே கரிய முகில் ஒன்று இருந்தது. ஆயருக்கு அது பிடிக்கவில்லை. தெளிந்த நீல வானமே வேண்டுமென்றார். பின்னர் வெளிச்சமான வானத்தோடு மற்றொரு படியைக் கான்ஸ்டபிள் தீட்ட வேண்டியதாயிற்று. நீலப் பட்டையை விரும்புவோர் நம் வகுப்பறையில் மட்டும் இல்லை என்பதை இதனால் அறிகிறோம்.

துயரமும் ஒரு தூரிகை

கான்ஸ்டபிள் ஹாம்ஸ்டெட்டுக்குச் சென்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் மனைவி மரியாவுக்குக் காசநோய். நகரின் புகையிலிருந்து விலகி நல்ல காற்றுள்ள இடத்தில் அவரை வைத்திருக்க வேண்டியிருந்தது. மரியாவின் குடும்பத்தார் எதிர்ப்பால் ஏழாண்டுகள் காத்திருந்து 1816இல் மணந்தவர்கள் அவர்கள். மனைவி நலம்பெற வேண்டிக் கணவர் தேடிச் சென்ற அதே காற்றுதான், அவர் தாள்களில் முகில்களை விரட்டிக்கொண்டிருந்தது. இதனை உணர்ந்தபின் அவ்வோவியங்களை வெறும் வானிலைக் குறிப்புகளாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

மரியா 1828ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், ஏழு பிள்ளைகளை விட்டு மறைந்தார். அடுத்த ஆண்டு கான்ஸ்டபிள் ‘ஹாட்லீ கோட்டை’ எனும் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். இடிந்த கோபுரங்கள், கொந்தளிக்கும் வானம், தொலைவில் ஒளிரும் கடல். அதன் மூலம் எது தெரியுமா? 1814இல், மணமாகும் முன்னர், அவ்விடத்திற்குச் சென்றபோது குறிப்பேட்டில் பென்சிலால் வரைந்த சின்னஞ்சிறு படம். பதினைந்து ஆண்டுகள் அத்தாள் காத்திருந்தது. வாழ்வில் பேரிடி விழுந்தபோது அதற்குரிய வடிவம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

அரச கலைக்கழகம் அவரை முழு உறுப்பினராக ஏற்றதும் அந்த 1829ஆம் ஆண்டில்தான். அப்போது அவருக்கு வயது 52. மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள மரியா இல்லை.

மகள் காத்த செல்வம்

கான்ஸ்டபிள் 1837ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் மறைந்தார். முகில் ஓவியங்களை அவர் தம் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவில்லை. விற்பனைக்காகவும் அவற்றைத் தீட்டவில்லை. கற்றுக்கொள்வதற்காகவே தீட்டினார். பிள்ளைகள் அவற்றைக் குப்பையென எறிந்திருந்தால் உலகம் அறிந்திருக்காது. அவர் மகள் இசபெல், தம்மிடமிருந்த நூற்றுக்கணக்கான எண்ணெய் வண்ணப் படிகளையும் வரைபடங்களையும் 1888இல் லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்குவது அதுவே. பெரிய ஓவியங்களுக்கு நிகராக இச்சிறு தாள்களையும் மக்கள் இன்று விரும்பிப் பார்க்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது

பள்ளிச் சுவரில் நாம் ஒட்டி வைப்பது முடிந்த ஓவியத்தை. பெற்றோர் சட்டமிட்டு மாட்டுவது பரிசு பெற்ற ஓவியத்தை. அவற்றுக்கு முன்னர்ப் பிள்ளை வரைந்த பத்துத் தாள்கள் எங்கே என்று நாம் கேட்பதில்லை. கட்டுரைப் பாடத்திலும் இதே நிலைதான். திருத்தியெழுதிய கட்டுரைக்கே மதிப்பெண். முதலில் எழுதிய வரைவு குப்பைத் தொட்டிக்கு.

ஆசிரியர்கள் ஒரு சிறு முயற்சியை மேற்கொள்ளலாம். ஒரே வாரத்தில், ஒரே சன்னலிலிருந்து, ஐந்து நாளும் வானத்தை அஞ்சலட்டை அளவுள்ள தாளில் மாணவர்கள் வரையட்டும். பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்றையும் தமிழில் எழுதட்டும். கலை, அறிவியல், மொழி மூன்றும் அந்தச் சிறு தாளில் ஒன்றுசேரும். பெற்றோர் அத்தாள்களை இட்டு வைக்க ஒரு பழைய பிஸ்கட் டின் போதும்.

அந்த மாணவன் இந்நேரம் இடைநிலைப்பள்ளியையும் கடந்திருப்பான். அவன் கிழித்த பக்கங்களை என்னால் மீட்டுத்தர இயலாது. ஆனால், இப்போதெல்லாம் பயிற்சி ஏடுகளைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறேன். அங்கு ஏதேனும் வரையப்பட்டிருந்தால், பக்கத்தின் ஓரத்தில் நாளை மட்டும் குறித்துவிட்டு ஏட்டைத் திருப்பித் தருகிறேன்.