தேசவழமையும் அப்பச்சட்டியும்

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைக் கடந்த கைம்பெண்ணொருத்தி அப்பச்சட்டியை அடுப்பிலேற்றி வாணிகந் தொடங்குவாளாயின், அதனை வறுமையின் விளைவென்று மாத்திரம் கொள்வது பொருந்தாது. பழைய சட்டமொன்றுக்கும் அதிலே பங்குண்டு.

ஒல்லாந்தர் ஆட்சியிலே, 37 ஆண்டுகள் குடாநாட்டு மக்களோடு பழகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி அவர்தம் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் நிறைவுசெய்தார். தமிழிற் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பை 12 முதலிமார் பார்வையிட்டு ஒப்பினர். பன்னிருவரும் ஆடவரே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1806இல் ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்ட அச்சட்டமே தேசவழமை.

சீதனம் பெண்ணின் சொத்து. ஆயினும் மணமானவள் தன் நிலத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விதித்தது. கணவன் இறந்தால் அத்தடை நீங்கும். பிள்ளைகள் சிறுவராயின் சொத்துத் தாயின் பொறுப்பிலே தங்கும்; பெண்மக்களை மணஞ்செய்து கொடுக்கையில் அவள் சீதனங் கொடுத்தேயாக வேண்டும். கல்யாணத்துக்கொரு காணியாக உறுதிகள் பெயர் மாறும். ஈற்றில் வீடும் வளவும் மகளுக்காக, தாய் தான் ஆண்ட வீட்டிலேயே மகளின் விருந்தாளிபோல் இருப்பாள். உரிமை கைக்கு வந்த வேளையில் நிலம் கையைவிட்டு நீங்கிவிடும்.

எஞ்சியவை அடுப்பும் பனையுமே. அரிசியை ஊறவிட்டு இடித்து, கள்விட்டுப் புளிக்கவைத்துச் சுடும் அப்பத்துக்குக் காணியுறுதி வேண்டியதில்லை. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பனங்களியைப் பாயிற் பரவி உலர்த்தினால் பனாட்டு. ஓலையிலோ பெட்டி, கடகம், நீற்றுப்பெட்டி. சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் சந்தை கூடும்போது இவை விலைப்பட்டன. சீதனமாகக் கொடுக்க நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இவ்வரலாறு பொருந்தாது. அவர்களின் பெண்கள் இளமையிலேயே கூடை சுமந்தவர்கள்.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் இவ்வழக்கில் ஒரு புதிய சிக்கலைப் புகுத்தியது. கணவன் மாண்டவளுக்குச் சம்மதம் வேண்டியதில்லை. காணாமற்போனவனின் மனைவிக்கோ வேண்டும். அவனுக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். ஆனால் அதற்கு வழக்குச்செலவும் காலமும் ஆகும். மரணச் சான்றிதழ் பெறுவதோ, அவன் திரும்பான் எனத் தன் வாயாலேயே சொல்வதாகும். அதற்குப் பலர் இணங்கவில்லை. இத்தகையோருக்காக 2016இல் காணப்படாமைச் சான்றிதழ் என்னும் ஏற்பாடு சட்டத்திலே சேர்க்கப்பட்டது. அதற்குள் போர்க்காலத்து இளம் மனைவியர் பலர் முதுமையை எட்டிவிட்டனர்; காணியை ஈடுவைத்து முதல் திரட்ட இயலாதவர்கள், முன்னோரைப் போலவே மாவும் ஓலையும் கொண்டு தொழிலைத் தொடங்கியிருந்தனர்.