‘வேணும்’ என்ற ஒரு சொல்: தமிழ்க் கிறித்தவர்களின் முதற்பாடங்கள்



ஒரு சமயத்திற்குப் புதிதாக வந்தவருக்கு முதலில் எதைக் கற்பிப்பது? இவ்வினா சமய போதகர்களுக்கு மட்டும் உரியதன்று. முதலாம் ஆண்டு மாணவனின் கைபிடித்து ‘அ’ எழுத வைக்கும் எம்மைப் போன்றோர்க்கும் உரியது. யான் கிறித்தவனல்லன், எனினும், தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிறித்தவம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதைப் படிக்கத் தொடங்கியபோது, நம் தமிழ்க் கல்வி வரலாற்றின் மறந்துபோன ஓர் அத்தியாயத்தையே படிப்பதாக உணர்ந்தேன். அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

கிறித்தவ சமயத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் ஞானஸ்நானம் பெற விரும்பியோர் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் இக்காத்திருப்பு மூன்றாண்டுகள் வரை நீடித்தது. அக்காலத்தில் கார்த்தேஜ் நகரில் தியோகிராசியாஸ் என்ற திருத்தொண்டர் புதியவர்களுக்குப் பாடம் நடத்தி வந்தார். சொன்னதையே சொல்லிச் சொல்லித் தமக்கே சலிப்பு ஏற்படுகிறது என்று அவர் முறையிட, புனித அகுஸ்தீன் கி.பி. 400ஆம் ஆண்டையொட்டி அவருக்கு மறுமொழியாக ஒரு நூலையே எழுதினார். நெடுநேரம் நின்று கேட்பவன் களைத்துவிட்டால் அவனுக்கு இருக்கை கொடு என்கிறார். நமக்குப் பழகிப்போன ஊரை முதன்முறை வந்த நண்பனுக்குச் சுற்றிக் காட்டும்போது அவ்வூர் நமக்கும் புதிதாகத் தோன்றுகிறதன்றோ, கற்பித்தலும் அப்படித்தான் என்கிறார். பயிற்சிக் காலத்தில் யாம் படித்த கல்வி உளவியல் நூல்கள் பலவற்றிலும் இவ்வளவு தெளிவாக இக்கருத்தைக் கண்டதில்லை.

நிற்க. தமிழகத்து முத்துக்குளித்துறைக்கு வருவோம்.

தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய கடற்கரை ஊர்களில் வாழ்ந்த பரவர் சமூகத்தார், முத்துக்குளிப்பு உரிமை தொடர்பான பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, 1530களில் பெருந்தொகையினராக ஞானஸ்நானம் பெற்றனர். ஏறத்தாழ 20,000 பேர் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். பெயர் மாறியது, பாதுகாப்பும் கிடைத்தது. ஆயினும் ஏற்றுக்கொண்ட சமயம் இன்னதென்று எடுத்துச் சொல்ல அவர்கள் மொழி அறிந்த ஆசிரியர் எவருமில்லை. அடுத்த சில ஆண்டுகள் அவர்கள் அவ்வாறே விடப்பட்டனர். அகுஸ்தீன் காலத்து முறைக்கு இது நேர்மாறாகும். அங்கே பாடம் முதலில், நீராட்டு பின்னர். இங்கே நீராட்டு முடிந்துவிட்டது. பாடம் இனித்தான் தொடங்க வேண்டும்.

1542ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் இக்கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரை அமர்த்திக்கொண்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றைப் பெருமுயற்சியோடு தமிழாக்கி, அவற்றைத் தாமே மனனம் செய்தார். பின்னர்க் கையில் ஒரு மணியை ஏந்தித் தெருத்தெருவாக ஒலித்துச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். சிறுவர்கள் கற்றதை வீட்டிற்குச் சென்று பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் அனைவரும் கூடுவர். பிரமாணத்தின் பன்னிரண்டு பகுதிகளையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி, நம்புகிறீர்களா என வினவ, அவர்கள் கைகளை மார்பின்மேல் சிலுவையாக மடக்கிக்கொண்டு ஒரே குரலில் ஆம் என்பர். 1544 ஜனவரியில் அவர் எழுதிய மடல் ஒன்றில் இவையெல்லாம் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. நோயுற்றோர் வீடுகளுக்குத் தம்மால் போய்ச் சேர முடியாதபோது, செபங்களைக் கற்ற சிறுவர்களையே அனுப்பி வைத்ததாகவும் அம்மடல் கூறுகிறது. மாணவனையே ஆசிரியனாக்கும் உத்தி! இருபத்தோராம் நூற்றாண்டுக் கற்றல் என்று இன்று பட்டறை நடத்திச் சொல்லித்தருகிறார்கள்.

இனி இக்கட்டுரைத் தலைப்பின் கதைக்கு வருவோம். பொருள் தெரியாமல் மனனம் செய்வதில் ஓர் இடர் உண்டு. மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் அப்பிழையும் ஊர் முழுதும் மனனமாகிவிடும். சவேரியாரின் முதல் மொழிபெயர்ப்பில் அதுவே நிகழ்ந்தது. பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. அதாவது, கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதாக எண்ணிக்கொண்டு, கடவுள் எனக்கு வேண்டும் என்றே மக்கள் சொல்லி வந்தனர். ஏறத்தாழ ஓராண்டிற்குப்பின் இதனை உணர்ந்த சவேரியார், 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில், இனி ‘வேணும்’ என்பதை விடுத்து ‘விசுவாசம்’ என்ற சொல்லைக் கற்பிக்குமாறு அறிவுறுத்தினார். அதே மடலில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறித்து பாடுபட்டதைக் கூறுமிடத்தில் ‘வம்பினாலே’ என்று வந்துவிட்டதாம். அது வலுக்கட்டாயத்தைக் குறிக்கும் சொல். அவரோ தம் விருப்பத்தால் பாடுபட்டவர். ஆதலால் அச்சொல்லை நீக்குக என்கிறார்.

தமிழ் அறியாத ஒருவர், ஒரு வினைச்சொல்லுக்காகவும் ஒரு வேற்றுமை உருபு ஏற்ற பெயருக்காகவும் இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார் என்பதை எண்ணி வியக்கிறேன். ஆனால் ஒன்று சொல்வேன். ‘வேணும்’ என்பது இலக்கணத்தின்படி பிழையாயினும், தொடக்கநிலையில் நிற்பவன் வாயிலிருந்து வருவதற்கு அது முற்றிலும் பொருந்தாத சொல்லும் அன்று. எதையும் கற்க வருபவன் முதலில் ‘எனக்கு வேண்டும்’ என்றுதானே வருகிறான்? அக்கடற்கரை மக்களுக்கு முதலில் வேண்டியிருந்தது பாதுகாப்பு. நம்பிக்கை பின்னர் வந்தது. அது வந்ததற்கு அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றளவும் அச்சமயத்தில் நிலைத்திருப்பதே சான்று.

ஊர்தோறும் செபங்களை எழுதி வைத்து, அவற்றைக் கற்பிக்க ஓர் ஆளையும் சவேரியார் நியமித்தார். அவர்களைக் கணக்கப்பிள்ளை என்ற பெயராலேயே அவர் மடல்கள் குறிக்கின்றன. அவர்களுக்கான ஊதியத்திற்கு, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இங்கிருந்து சென்றுகொண்டிருந்த தொகையைக் கேட்டுப் பெற்றாராம். அரசியின் செருப்புக்காசு நம்மூர் வாத்தியார்களுக்குச் சம்பளமானது. இதனைப் படித்தபோது சிரிப்பும் வந்தது. மலேசியத் தோட்டப்பள்ளிகளின் பழைய வாத்தியார் சம்பளக் கதைகளும் நினைவிற்கு வந்தன.

சவேரியாரின் பயணம் இந்தியாவோடு நிற்கவில்லை. 1545ஆம் ஆண்டு அவர் மலாக்கா வந்தார். இங்கும் அதே மணி, அதே தெருச்சுற்று. அதே செபங்களை இங்கு மலாய் மொழியில் பெயர்க்க முயன்றார். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தபின் அவரது உடல் 1553இல் சில மாதங்கள் மலாக்காக் குன்றின்மேல் உள்ள தேவாலயத்தில் வைக்கப்பட்டுப் பின்னர்க் கோவாவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவில் மலாக்கா செல்லும் ஆசிரியர்கள் அக்குன்றின்மேல் மாணவர்களை நிறுத்திப் போர்த்துக்கீசியர் வருகையைச் சொல்கிறோம். தமிழ்ப் பாடம் ஒன்றும் அவ்வழியே கடந்து போயிற்று என்பதைச் சொல்வதில்லை.

சவேரியார் விட்டுச் சென்ற பணியைத் தமிழறிவோடு தொடர்ந்தவர் என்றீக்கே என்றீக்கசு என்னும் போர்த்துக்கீசியர். தமிழ் மக்கள் அவரை அண்டிரிக்கிப் பாதிரியார் என்றனர். ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக அக்கடற்கரைப் பணியில் ஈடுபட்டு 1600இல் மறைந்த அவர், தமிழைப் பேச மட்டுமன்றி எழுதவும் இலக்கணம் வகுக்கவும் கற்றார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகும். இந்திய மொழிகளின் எழுத்தில் அச்சான முதல் நூலும் அதுவே. புதிர்ப் போட்டிகளில் இவ்விடையை நம் மாணவர்கள் நொடியில் சொல்லிவிடுவர். அந்நூலில் என்ன இருந்தது என்று கேட்டால்தான் மௌனம். 16 பக்கங்களே கொண்ட அச்சிறு நூலில் இருந்தவை, புதிதாக நம்பிக்கை கொண்டோர் அன்றாடம் சொல்ல வேண்டிய அடிப்படைச் செபங்களும் போதனைகளுமே. (இதற்கும் முன்னர், 1554இல் லிசுபனில் அச்சான தமிழ்ச் செபநூல் ஒன்று உண்டு. ஆனால் அது உரோமன் எழுத்தில் அமைந்தது.)

மறு ஆண்டே, 1579இல், கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. இது முந்தையதைவிடப் பெரிது, அமைப்பும் வேறு. ஆசிரியர் வினவ மாணாக்கன் விடை கூறுவதாக முழு நூலும் செல்கிறது. முதல் நூலில் ஒப்பித்தல். இரண்டாம் நூலில் வினாவும் விடையும். 1586இல் அவர் வெளியிட்ட மூன்றாம் நூலோ அடியார்களின் வரலாறு, 600 பக்கங்களுக்கும் மேற்பட்டது. செபம், விளக்கம், கதை என்ற இவ்வரிசையை அவர் திட்டமிட்டே வகுத்தாரா என்று கூற எனக்குத் துணிவில்லை. ஆனால் முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை பாடத்திட்டம் வகுக்கச் சொன்னால் யானும் ஏறத்தாழ இவ்வாறே வகுப்பேன்.

‘வணக்கம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சமய போதனை என்பதற்கு ‘வணக்கம்’ என்றே அவர் பெயரிட்டார். சொற்களை நாடிய இத்தேடல் பின்னரும் ஓயவில்லை. கடவுளைக் குறிக்க அண்டிரிக்கிப் பாதிரியார் தம்பிரான் என்றார். 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் சருவேசுரன் என்றார். பிற்காலச் சீர்திருத்தச் சபையாரின் மொழிபெயர்ப்புகளில் பராபரன், தேவன் ஆகியவை இடம்பெற்றன. வீரமாமுனிவர் உபதேசிமார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். அது ஒருவகையில் ஆசிரியர் கையேடு.

1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு செய்ததும் எனக்கு மிகவும் பிடித்தமானது. தமிழ் கற்பதற்காகத் திண்ணைப்பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் இல்லத்திற்கே மாணவர்களுடன் வரவழைத்து, அச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். கற்பிக்க வந்தவர் முதலில் அரிச்சுவடி மாணவரானார். லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தையும் பின்னர்த் தமிழாக்கினார். 1707 மே 12ஆம் நாள் அவரது சபையில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாய் இருந்தோர். போதனை பெற்ற பின்னரே அவர்கள் நீராட்டப்பட்டனர். 1733இல் ஆரோன் என்ற தமிழர் அச்சபையில் குருப்பட்டம் பெற்றார்.

நம் கெடாவிற்கு வருவோம். 1786இல் பினாங்கு ஆங்கிலேயர் வசமானபோது, கெடாவில் வாழ்ந்த கத்தோலிக்கச் சிறுகூட்டமொன்று கர்னோ என்ற பிரெஞ்சுக் குருவோடு அத்தீவிற்குக் குடிபெயர்ந்தது. வடக்கு மலாயாவின் கத்தோலிக்க வரலாறு அவ்வாறு கெடாவிலிருந்து தொடங்குகிறது என்பது பலருக்கும் தெரியாது. அவர்கள் தமிழரல்லர். தமிழர் பெருந்தொகையாய் வந்தது பின்னர்க் கரும்பு, இரப்பர் தோட்டங்களுக்கு. அவர்களுள் ஏற்கெனவே கிறித்தவராய் இருந்தோரும் உண்டு. குருவானவர் எப்போதாவது வருவார். எஞ்சிய நாள்களில் இலயத்துக் கூடத்தில் செபம் சொல்லிக் கொடுத்தவர் ஓர் உபதேசியாரோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மூத்தவரோ ஆவார். இங்குள்ள முதியோர் வாயிலாக யான் கேட்டறிந்தது இது. முத்துக்குளித்துறைக் கணக்கப்பிள்ளையின் பணியைத்தான் அவர்கள் கடல் கடந்து வந்து பால்மரக் காட்டில் செய்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவிற்குக் கூலிம் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாய்ச் சென்றதையும் அம்முதியோர் சொல்லக் கேட்டுள்ளேன். இந்துக் குடும்பங்களும் சென்றனவாம்.

1996இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டங்கள் சுருங்கின, இலயங்கள் காலியாயின, மக்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தனர். இன்று என் மாணவர்களின் பெற்றோருள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளில் மாற்றுவேலை நேரத்தில் பணிபுரிகின்றனர். கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் ஞாயிறு மறைக்கல்வியை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். பள்ளியில் தமிழ், பள்ளிக்கு வெளியே மலாய், ஆலயத்தில் ஆங்கிலம். வீட்டில் பாட்டி சொல்லும் பரலோக மந்திரம் பேரப்பிள்ளைக்கு முழுதாக விளங்குவதில்லை. பேரப்பிள்ளை ஒப்பிப்பது பாட்டிக்கு விளங்குவதில்லை. சவேரியாரின் ஏற்பாட்டில் பிள்ளை கற்றது வீட்டிற்குள் சென்றது. இங்கே அது வாசற்படியில் நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் கற்பிப்போரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பல இனத்தாரும் ஒரே ஆலயத்தில் கூடும் ஊரில் அவர்களுக்கும் வேறு வழி குறைவு. என்றாலும், ஒரு வினைச்சொல்லைத் திருத்துவதற்காகக் கடற்கரை நெடுகிலும் மடல் அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது.

‘தம்பிரான் வணக்கம்’ நூலின் படியொன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதன் முகப்புப் பக்கத்தின் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ஆர்வமுள்ள ஆசிரியர்கள் அச்செடுத்து ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஓலைச்சுவடி வழக்கத்தையொட்டி அதில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியில்லை. ‘தமபிரான வணககம’ என்றே எழுத்துகள் நிற்கும். புள்ளியை அவர்களே வைத்துப் படிக்கட்டும்.