நான்காம் குழந்தையும் நாட்டுக் கணக்கும்

‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என மணமக்களை வாழ்த்துவது தமிழர் மரபு. அப்பதினாறு என்பது பிள்ளைகளின் எண்ணிக்கை அன்று. கல்வி, நோயின்மை முதலான பேறுகளையே குறிக்கும் என்பர் பெரியோர். ஆயினும், மக்கள் பலர் நிறைந்த இல்லத்தை வாழ்த்துப் பலித்த இல்லமாகவே ஊரார் கண்டனர். அந்தப் பார்வை சிங்கப்பூரில் ஒரு தலைமுறைக்குள் இருமுறை மாறியது.

1947க்கும் 1957க்கும் இடையில் சிங்கப்பூர் மக்கள் தொகை ஆண்டுதோறும் நூற்றுக்கு 4க்கு மேல் பெருகி, 14 இலட்சத்து 45 ஆயிரத்தை எட்டிற்று. ஒரு பெண் சராசரியாக 6 பிள்ளைகளுக்கு மேல் பெற்ற காலம் அது. வீடுகள் போதவில்லை, பள்ளிகள் காலையும் பிற்பகலுமாக நடந்தன. 1949இல் தன்னார்வலர் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியை 1966இல் அரசாங்க வாரியம் ஏற்றுக்கொண்டது. 1968இல் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தபின் வேலையின்மை பற்றிய அச்சமும் மிகுந்தது. ஆகவே, அரசின் கவலை காரணமற்றதன்று.

ஆணாயினும் பெண்ணாயினும் இரண்டே போதும் என்னும் முழக்கம் 1972இல் எழுந்தது. 1973இல் அம்முழக்கம் சட்டதிட்டமாயிற்று. சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு இரண்டு பேறுகளோடு நின்றது. பிள்ளைகள் பெருகப் பெருக அரசாங்க மருத்துவமனையின் பிரசவக் கட்டணமும் உயர்ந்தது. வருமான வரிக் கழிவு முதல் மூன்று பிள்ளைகளுக்கே கிடைத்தது. தொடக்கப்பள்ளியைத் தெரிந்தெடுக்கும் வரிசையில் நான்காம் பிள்ளை பின்னே தள்ளப்பட்டது.

இவற்றை அறிந்தும் நான்கு, ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இல்லங்கள் இருந்தன. அவர்களை அறியாதவர் என்றும் பொறுப்பற்றவர் என்றும் பிறர் எண்ணுவது எளிதாயிற்று. அவர்தம் எண்ணமோ வேறு. முதுமையில் துணை வேண்டும் என்பது சிலர் கருத்து. பிறக்கும் உயிரை வேண்டாமெனச் சொல்ல மனமில்லை என்பது சிலர் கொள்கை. கூட்டத்தில் வளரும் பிள்ளை பகிர்ந்துண்ணக் கற்கும் என நம்பியோரும் உளர். இவ்வில்லங்களில் துன்பமே இல்லை எனல் பொய்யாகும். தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமந்ததில் மூத்த பெண்ணின் படிப்பு நின்றதும் உண்டு. எனினும், சுமை இன்னது என்று சுமந்தவர் அறிந்திருந்தனர், எள்ளியவர் அறிந்திலர்.

இதற்கிடையில் பெண்கல்வியும் தொழிற்சாலை வேலையும் பெருகின. 1975இல் பிறப்பு விகிதம், ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறை ஈடுசெய்யும் அளவிற்குத் தாழ்ந்தது, 1986இல் 1.4 ஆயிற்று. மிகுதி குறித்து அஞ்சியவர் இப்பொழுது குறைவு குறித்து அஞ்சினர். 1987 மார்ச்சு முதல் நாள், வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்று அரசு அறிவித்தது. மூன்றாம் குழந்தைக்கு 20,000 வெள்ளி வரித் தள்ளுபடியும் வந்தது.

1973இல் ஓரில்லத்தில் நான்காவதாகப் பிறந்த குழந்தையை எண்ணிப் பார்ப்போம். 1980இல் அது முதலாம் வகுப்பிற் சேர்ந்தபோது வரிசையில் பின்னே நின்றது. நாடு கருத்தை மாற்றியபோது அதற்கு அகவை 14. பிறப்பு விகிதம் 0.97 ஆக வீழ்ந்த 2023இல் அகவை 50. இந்த ஐம்பது ஆண்டுகளில் மாறியது நாட்டின் கணக்கே. அக்குழந்தையின் தகுதி அன்று.

நாட்டிற்குக் கணக்கு வேண்டும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கணக்கைக்கொண்டு ஓர் இல்லத்தின் அறிவையும் அன்பையும் அளத்தல் தகாது. குறளின் மக்கட்பேறு என்னும் அதிகாரத்துப் பத்துப் பாக்களில் எத்தனை பிள்ளைகள் என்னும் பேச்சே இல்லை. எத்தகைய பிள்ளைகள் என்பதே பேச்சு. பெயர்ப்பதிவேட்டைத் திறக்கும் ஆசிரியர்க்கு வகுப்பிலிருக்கும் எந்தக் குழந்தையும் நான்காவது அன்று.