மியூசியத்துக்கு ஒரு சங்கம்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு தந்தச் சதுரங்கப் பலகை இருக்கிறது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் பயன்படுத்தியது என்பார்கள். 1832இல் வேலூரிலேயே கைதியாக இறந்தவர். பலகையைப் பாதுகாப்பது அரசு.

பிரிட்டனில் இதற்குப் பொதுஜனமும் கைகொடுக்கிறது. 1903இல் தொடங்கிய தேசியக் கலைச் சேகரிப்பு நிதி, பணம் திரட்டி 1906இல் வெலாஸ்கெஸின் வீனஸ் ஓவியத்தை 45,000 பவுண்டுக்கு வாங்கி, லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குக் கொடுத்தது. இப்படிப்பட்ட அமைப்புகளில் அறங்காவலர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. ஆனா கணக்குக்கு அவங்கதான் பொறுப்பு.

நம்ம பக்கத்துக்கு இது புதுசா என்ன? தோல் வியாபாரிகளின் நன்கொடையைக் கொண்டு வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1919இல் இஸ்லாமியா கல்லூரியையே தொடங்கியது. சந்தா, கௌரவச் செயலாளர், வரவு செலவு எல்லாம் இந்த ஊர்களுக்கு அத்துப்படி. பள்ளிக்குக் கொடுத்தது நம்ம பிள்ளைக்கு வந்து சேரும். நடுகல்லுக்கு யார் கொடுப்பார் என்று கேட்கலாம். முதல் வருடச் சந்தாவில் நடுகற்களுக்கு விரிவான தமிழ் விளக்கப் பலகை வைக்கலாமே.