முகிற் கணினிகளின் தாய்ப் படிமம்: ஒரு பிழை பல நூறாகப் பெருகாதிருக்க

பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டுள்ள நாம் ஓர் உண்மையை அனுபவத்தில் கண்டறிந்துள்ளோம். அச்சுத் தகட்டில் ஓரெழுத்து பிழைத்துவிட்டால், அன்றைய தினம் வெளிவரும் பிரதிகள் அனைத்திலும் அப்பிழை இடம்பெற்றுவிடும். பிரதிகள் வாசகரின் கைகளைச் சென்றடைந்த பின்னர் அதனைத் திருத்துவதற்கு வழியில்லை. மறுநாள் வருத்தம் தெரிவிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. கணினித் துறையிலும் இவ்வச்சுத் தகட்டினை ஒத்ததொன்று உண்டு. முகிற் கணிமைச் சேவைகளில் மெய்நிகர் கணினிகளை உருவாக்குவதற்கு அடிப்படையாக அமையும் 'படிமம்' என்பதே அதுவாகும். அப்படிமத்தைத் தானியங்கு முறையில் தயாரிக்கும் கருவியை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், அதில் நேரும் சிறு கவனக்குறைவு எத்தகைய விளைவுகளைத் தரும் என்பதையும் இங்கு நோக்குவோம்.

படிமம் என்பது யாது?

பிறரது பாரிய தரவு நிலையங்களிலுள்ள கணினி வலுவினை இணையத்தின் வழியாக வாடகைக்குப் பெற்றுப் பயன்படுத்துவதே முகிற் கணிமையாகும். அமேசன் நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் ஆரம்பித்த ஈ.சி.2 என்னும் சேவை இத்துறையில் பெரும் திருப்பத்தை ஏற்படுத்தியது. மைக்ரோசொப்ட், கூகிள் ஆகிய நிறுவனங்களும் பின்னர் இத்துறையில் கால்பதித்தன. இச்சேவைகளில் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் முழுமையான பௌதிகக் கணினி அன்று. ஒரு பௌதிகக் கணினியை மென்பொருளின் துணையுடன் பல கூறுகளாக வகுத்துப் பெறப்படும் மெய்நிகர் கணினியே அவருக்கு வழங்கப்படுகின்றது.

அத்தகைய புதிய கணினி வெறுமையாகத் தோன்றுவதில்லை. பணிசெயல் முறைமை, தேவையான மென்பொருட்கள், அவற்றின் அமைப்புகள் யாவும் அடங்கிய வட்டு ஒன்றின் முழுப் பிரதியிலிருந்தே அது இயங்கத் தொடங்குகின்றது. அப்பிரதியையே படிமம் என்கின்றோம். அமேசன் சேவையில் இது ஏ.எம்.ஐ. என அழைக்கப்படுகின்றது. ஒரு படிமத்திலிருந்து ஒரு கணினியையும் உருவாக்கலாம். ஆயிரம் கணினிகளையும் உருவாக்கலாம். ஓர் இணையத்தளத்தை நாடுவோரின் தொகை திடீரெனப் பன்மடங்காகும் வேளையில், சில நிமிடங்களுக்குள் கணினிகளின் தொகையையும் பெருக்கிக்கொள்ள முடிவது இதனாலேயே ஆகும்.

கைவேலையும் கருவியும்

ஆரம்பத்தில் படிமங்கள் பெரும்பாலும் கையாலேயே தயாரிக்கப்பட்டன. நிர்வாகி ஒருவர் கணினியொன்றை இயக்கி, மென்பொருட்களை ஒவ்வொன்றாக நிறுவி, இறுதியில் அதனைப் படிமமாகச் சேமித்து வைப்பார். ஆறு மாதங்கள் கழித்து அதில் என்னென்ன உள்ளன எனக் கேட்டால் அவரே தடுமாறுவார். அவர் பதவி விலகிச் சென்றுவிட்டால் கேட்பதற்கும் ஆளில்லை. எவரும் அறியாத உள்ளடக்கத்தைக் கொண்ட அப்படிமத்தைத் தொடவும் அஞ்சி, கைவிடவும் அஞ்சி நிறுவனங்கள் தவிப்பதுண்டு.

இக்குறையைப் போக்கும் கருவிகளுள் பெரிதும் அறியப்பட்டது 'பெக்கர்' ஆகும். மிச்செல் ஹஷிமோட்டோ, ஆர்மன் டட்கர் ஆகிய இருவரும் 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவிய ஹஷிகோர்ப் நிறுவனம் இதனை 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் தனது மென்பொருட்களின் அனுமதிப்பத்திரத்தை மாற்றியமைத்து, தனக்குப் போட்டியாக அவற்றைப் பயன்படுத்தும் வர்த்தகச் சேவைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2025 பெப்ரவரியில் ஐ.பி.எம். நிறுவனம் ஹஷிகோர்ப்பைக் கையகப்படுத்தியது. தமது சொந்தத் தேவைக்குப் படிமம் தயாரிப்போர் தொடர்ந்தும் கட்டணமின்றி இதனைப் பயன்படுத்த முடியும். அமேசன் நிறுவனமும் 2019 இறுதியில் இத்தகைய சேவையொன்றைத் தானே அறிமுகப்படுத்தியமை குறிப்பிடத்தக்கது.

கட்டமைப்புக் கோப்பு

பெக்கரின் அடிப்படை மிக எளிதானது. படிமம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சமையற் குறிப்பினைப் போன்று ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். கருவி அதனை வாசித்து அவ்வாறே செய்து முடிக்கும். முன்னர் ஜேசன் வடிவில் எழுதப்பட்ட இக்கோப்பு, தற்போது எச்.சி.எல். என்னும் எளிய மொழியிலேயே பெரிதும் எழுதப்படுகின்றது. அது பிரதானமாக நான்கு பகுதிகளைக் கொண்டதாகும்.

முதற் பகுதி, தேவையான செருகுநிரல்களையும் அவற்றின் பதிப்பு இலக்கங்களையும் குறிப்பிடுகின்றது. அமேசனுக்கு ஒன்று, கூகிளுக்கு ஒன்று என இவை தனித்தனியானவை. இரண்டாவது பகுதி மூலத்தைக் கூறுகின்றது. எந்தப் பிராந்தியத்தில், எவ்வகைக் கணினியில், எந்த அடிப்படைப் படிமத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பன இதில் அடங்கும். மூன்றாவது பகுதி, மென்பொருட்களை நிறுவுவதற்கும் கோப்புகளைப் பிரதி செய்வதற்குமான கட்டளைத் தொடர்களைக் கொண்டது. நான்காவது பகுதி, படிமம் உருவான பின்னர் ஆற்றவேண்டிய பணிகளை விபரிக்கின்றது. உருவான படிமத்தின் அடையாள இலக்கத்தைப் பட்டியலொன்றில் பதிந்துகொள்வது இதற்கு உதாரணமாகும்.

கோப்பு எழுதப்பட்டதும் 'இனிட்' என்னும் கட்டளை செருகுநிரல்களைத் தருவிக்கின்றது. 'வலிடேட்' என்னும் கட்டளை எழுத்திலுள்ள பிழைகளைச் சோதிக்கின்றது. 'பில்ட்' என்னும் கட்டளையே உண்மையான வேலையைத் தொடங்கி வைக்கின்றது. அமேசன் சேவையை எடுத்துக்கொண்டால், கருவி முதலில் தற்காலிகத் திறவுகோல் ஒன்றையும் தற்காலிகப் பாதுகாப்பு வேலியொன்றையும் உருவாக்குகின்றது. பின்னர் தற்காலிகக் கணினியொன்றை இயக்கி, எஸ்.எஸ்.எச். வழியாக அதனுள் நுழைந்து, கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுகின்றது. இறுதியில் அக்கணினியை நிறுத்தி, அதன் வட்டினைப் படிமமாக்கி, தற்காலிகமாக உருவாக்கிய அனைத்தையும் அழித்துவிடுகின்றது. இடையில் ஒரு கட்டளை தவறினால் படிமம் உருவாக்கப்படாது. அரைகுறையான படிமம் எவரது கைக்கும் எட்டாதிருப்பது இதன் பெரும் நன்மையாகும்.

இங்கு நடைமுறைச் சிக்கல் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். உபுண்டு போன்ற முறைமைகளில் கணினி முதன்முறை இயங்கும்போது, 'கிளவுட் இனிட்' என்னும் நிரல் பின்னணியில் ஆரம்ப வேலைகளைச் செய்துகொண்டிருக்கும். அது முடியுமுன்னர் மென்பொருள் நிறுவலை ஆரம்பித்தால், சில வேளைகளில் வேலை வெற்றியளிக்கும். சில வேளைகளில் காரணம் புலப்படாமல் தோல்வியுறும். ஆதலால் அந்நிரல் முடிவுறும் வரை காத்திருக்குமாறு பணிப்பதே முதற் கட்டளையாக அமைதல் வேண்டும்.

மூலத்தை நம்பலாமா?

தாய்ப் படிமத்தின் தாய் எது என்பது அடுத்த வினாவாகும். நாள்தோறும் புதிய அடிப்படைப் படிமங்கள் வெளிவருவதால், 'இப்பெயரில் உள்ளவற்றுள் மிகப் புதியதைத் தேர்ந்தெடு' எனக் கட்டளையிடுவது பலரது வழக்கமாகும். ஆனால் பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். உரிமையாளர் யார் எனக் குறிப்பிடாது பெயரை மட்டும் நம்பித் தேடும் நிரல்களை ஏமாற்ற முடியும் என்பதை, டேட்டாடோக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025 பெப்ரவரியில் வெளிப்படுத்தினர். தீய நோக்குடைய ஒருவர் அதே பெயர் வடிவில் புதிய படிமமொன்றைப் பகிரங்கமாக வெளியிட்டால், 'மிகப் புதியது' என்ற தகுதியில் அதுவே தெரிவாகிவிடும். நம்பப்படும் உரிமையாளர்களின் படிமங்களை மாத்திரம் அனுமதிக்கும் வசதியை அமேசன் 2024 டிசம்பரில் அறிமுகப்படுத்தியிருந்தது.

எனவே கோப்பில் உரிமையாளரின் கணக்கு இலக்கம் தவறாது இடம்பெற வேண்டும். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் அமேசன் கணக்கு இலக்கம் 099720109477 ஆகும். பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட இந்த ஒரு வரி, பின்னர் உருவாகப்போகும் கணினிகள் அனைத்தின் பூர்வீகத்தையும் உறுதிசெய்கின்றது.

எஞ்சி நிற்கும் இரகசியங்கள்

கருவியைக் கட்டமைப்போர் மிகுதியும் தவறுமிடம் இதுவேயாகும். படிமத்தைத் தயாரிக்கும்போது கடவுச்சொற்களும் திறவுகோல்களும் தேவைப்படுகின்றன. அவற்றைக் கோப்பிலேயே எழுதிவிடுவது எளிது. ஆனால் அக்கோப்பைக் காணும் ஒவ்வொருவரும் அவற்றையும் காண்பர். மாறிகளின் வழியாக வெளியிலிருந்து அவற்றை வழங்குவதும், அம்மாறிகளை இரகசியமானவை எனக் குறிப்பதும் உகந்த முறையாகும். அவ்வாறு குறிக்கப்பட்டவை திரையிலும் பதிவேட்டிலும் மறைக்கப்படுகின்றன. எனினும் இரகசியத்தைப் படிமத்தினுள் எழுதிவிட்டுப் பின்னர் அழிப்பதில் பயனில்லை. பிரான்ஸைச் சேர்ந்த யூரெகொம் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், அமேசன் சேவையில் பகிரங்கமாகக் கிடைத்த 5,000 க்கும் மேற்பட்ட படிமங்களை ஆராய்ந்து 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கைவிடப்பட்ட திறவுகோல்களும் அழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட கோப்புகளும் மீட்டெடுக்கக்கூடிய நிலையில் இருந்தமை தெரியவந்தது.

இதனைவிடத் தெளிவான பாடத்தை 2024 ஒக்டோபர் மாதம் கற்பித்தது. பெக்கரை உள்ளடக்கி இயங்கும் குபர்னெட்டீஸ் திட்டத்தின் படிமத் தயாரிப்புக் கருவியில் பாரதூரமான குறைபாடொன்று அப்போது பகிரங்கப்படுத்தப்பட்டது. தயாரிப்பு வேலைக்கென வைக்கப்பட்டிருந்த, யாவரும் அறிந்த கடவுச்சொல், ப்ரொக்ஸ்மொக்ஸ் தளத்துக்கான படிமங்களில் முடக்கப்படாமலேயே எஞ்சியிருந்தது. அப்படிமத்திலிருந்து தோன்றிய ஒவ்வொரு கணினியிலும் அந்நியர் ஒருவர் முழு அதிகாரத்துடன் நுழைவதற்கு அது வழிவகுத்தது. அபாயத்தை அளவிடும் 10 புள்ளிகளைக் கொண்ட அளவுகோலில் இதற்கு 9.8 வழங்கப்பட்டது. அக்கருவியின் 0.1.38 ஆம் பதிப்பு இதனைத் திருத்தியமைத்தது. தயாரிப்பின்போது எழுமாறான கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதும், முடிவில் அக்கணக்கை முடக்குவதுமே அத்திருத்தமாகும். ஆனால் கருவியைத் திருத்தியதால் பழைய படிமங்கள் திருந்திவிடவில்லை. அவற்றை மீண்டும் தயாரித்து, இயங்கிக்கொண்டிருந்த கணினிகளையும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. அச்சேறிய பிரதிகளின் கதை இதுதான்.

ஆகவே கட்டளைத் தொடரின் இறுதிப் பகுதி துப்புரவுக்கென ஒதுக்கப்பட வேண்டும். தற்காலிகத் திறவுகோலின் சுவடு, கணினியின் அடையாள இலக்கம், எஸ்.எஸ்.எச். சேவையின் சொந்தத் திறவுகோல்கள், கட்டளை வரலாறு, பதிவேடுகள் ஆகியன அகற்றப்பட வேண்டும். இவற்றுள் தற்காலிகத் திறவுகோலின் சுவட்டினை நீக்குவதற்குப் பெக்கரிலேயே தெரிவு உண்டு. ஆனால் அது தானாகச் செயற்படுவதில்லை. கோப்பில் இயக்கிவிடப்பட வேண்டும்.

படிமத்துக்கும் காலாவதி உண்டு

இன்று பாதுகாப்பாக உள்ள படிமம் ஆறு மாதங்களின் பின்னரும் அவ்வாறிருக்கும் எனக் கொள்ளலாகாது. புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவரும். உறைந்துபோன படிமமோ அவற்றை அறியாது. காலாவதியான மென்பொருளின் ஆபத்தை நம் நாடு நேரில் கண்டது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகில் சேவை மீது கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதல் நிகழ்ந்தது. இதன்போது சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. தயாரிப்பாளரின் ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிவுற்றிருந்த மின்னஞ்சல் மென்பொருள் பாவனையில் இருந்தமையும், அக்காலப்பகுதிக்குரிய காப்புப் பிரதி இல்லாதிருந்தமையும் அப்போது வெளிப்பட்டன. அத்தாக்குதல் படிமத் தயாரிப்பினால் நேர்ந்தது என நாம் கூறவில்லை. இற்றைப்படுத்தலை ஒத்திப்போடும் வழக்கம் எங்கு சென்று முடியும் என்பதற்கு அது சான்றாகும்.

தானியங்குக் கருவியின் உண்மையான பெறுமதி இங்கேதான் வெளிப்படுகின்றது. கையால் தயாரிப்பவருக்குப் புதுப்பித்தல் பெரும் சுமையாகும். எழுதப்பட்ட கோப்பினை வைத்திருப்பவரோ வாரந்தோறும் அதனை மீண்டும் இயக்கலாம். கோப்பின் ஒவ்வொரு மாற்றமும் பதிவுசெய்யப்பட்டு, இன்னொருவரால் சரிபார்க்கப்பட வேண்டும். படிமத்தின் பெயரில் தயாரித்த திகதி இடம்பெற வேண்டும். புதிய படிமத்திலிருந்து ஒரு கணினியை இயக்கிச் சோதித்த பின்னரே ஏனையவை மாற்றப்பட வேண்டும். பழையவற்றை நீக்கும் பொறுப்பும் நம்முடையதே. பெக்கர் படிமத்தை உருவாக்கித் தருமேயன்றி, பின்னர் அதனைப் பராமரிப்பதில்லை. மறக்கப்பட்ட படிமங்கள் சேமிப்பிடத்துக்கான கட்டணத்தை மாதந்தோறும் டொலரில் வளர்த்துக்கொண்டிருக்கும்.

கருவி சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. சரியானதை எழுதினால் சரியான ஆயிரம் கணினிகளையும், தவறானதை எழுதினால் தவறான ஆயிரம் கணினிகளையும் ஒரே வேகத்தில் அதனால் உருவாக்க முடியும். அவற்றுள் சேமிக்கப்படுவன நோயாளரின் மருத்துவக் குறிப்புகளாகவோ, மாணவரின் விபரங்களாகவோ, சிறு வணிகர் ஒருவரின் கணக்குகளாகவோ இருக்கலாம். அம்மக்கள் படிமம் என்ற சொல்லைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் பொருட்டேனும், அச்சேறுமுன் தகட்டினை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது இத்துறையில் பணியாற்றுவோரின் கடமையாகும்.